வெறுப்பு எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்விகள்

கே: இனவெறி மனிதனின் பிறவிக் குணம் என்கிறார்களே, சரியா?

ப: ஆட்களை வகை பிரித்துப் பார்ப்பது எல்லோரிடமும் உண்டு. ‘நாம்’, ‘அவர்கள்’ என்று பிரிக்கும் கோடு எங்கே என்பது மட்டும் நாம் கற்றுக்கொள்வது. உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் 1970-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களிடம் க்ளீ, கண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருக்கு எது பிடித்தது என்பதை வைத்துக் குழு பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் மனம்போனபடி பிரித்ததுதான். தன் குழுவில் யார் யார் என்றுகூடத் தெரியாத அந்தப் பையன்கள், பணத்தைப் பங்கிடச் சொன்னதும் தம் குழுவுக்கே அதிகம் ஒதுக்கினார்கள். அதைவிட வினோதம், எதிர்க்குழுவைவிடக் கூட வந்தால் போதும் என்று தம் குழுவுக்கு வரவேண்டியதையே குறைத்துக்கொண்டதுதான். டாஜ்ஃபெல் போலந்து யூதர், நாஜிகளிடம் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்.

கே: அடி என்றால் அடிதானே? இனம், மதம் பார்த்துத் தாக்கும் வெறுப்புக் குற்றத்துக்கு மட்டும் ஏன் கூடுதல் தண்டனை? மனதில் நினைத்ததற்கா?

ப: நினைத்ததற்கு இல்லை, இனத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்ததற்கு. 1993-ல் விஸ்கான்சின் மாநில வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஒருமனதாக ஏற்றது. அதில் அடிபட்டவர் வெள்ளை இனச் சிறுவன், தண்டனை பெற்றவர் கறுப்பினத்தவர். இந்தச் சட்டம் ஒரு தரப்புக்குத்தான் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கே: ஆள் மாறித் தாக்கினால்?

ப: அப்போதும் அது வெறுப்புக் குற்றம்தான். 1982-ல் அமெரிக்கக் கார் தொழில் நகரமான டெட்ராய்ட் பகுதியில் வின்சென்ட் சின் அடித்துக் கொல்லப்பட்டார். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற கோபம் கொதித்த நேரம் அது. அவரோ சீன வம்சாவளி அமெரிக்கர். கொன்ற இருவருக்கும் மாநில நீதிமன்றம் கொடுத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சிறை இல்லை! ஆசிய அமெரிக்கர்கள் பல நாட்டு வம்சாவளியினராக ஒன்றுசேர்ந்து போராட அது பெரிய உந்துதலானது.

கே: கலந்து பழகினால் வெறுப்பு போய்விடுமா?

ப: குறையும். ஆனால் சும்மா பழகினால் போதாது. சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். எஜமானும் வேலையாளும் முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றும் மாறாததை இதை வைத்தே விளக்கிவிடலாம்.

கே: கண்ணெதிரே நடந்தால் என்ன செய்ய?

ப: முதலில் அடிபட்டவர் பக்கத்தில் போய் நில்லுங்கள், தாக்கியவரிடம் வாதம் வேண்டாம். அப்புறம் தாக்கியவர் பேசிய வார்த்தைகளை, எவ்வளவு அசிங்கமானாலும், அப்படியே எழுதி வையுங்கள். ‘இனத்தைச் சொல்லித் திட்டினார்’ என்று சுருக்கிவிடாதீர்கள். நோக்கத்தை நிரூபிக்கப் பல வழக்குகளில் கையில் இருப்பது அந்த வார்த்தைகள் மட்டுமே.