பகல் எதுவரை? குழு லோன் வசூலுக்கு நேரம் உண்டு

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தக்காளி விலை விழுந்ததால் குழு லோனில் ஒரு தவணை நின்றுவிட்டது. வசூலுக்கு வருபவர் காலை 7 மணிக்கே வாசலில் நிற்கிறார். சாயங்காலம் ஆறரைக்கு மேலும் போன் செய்கிறார். கேட்டால், "பகல்லதானே வர்றோம்" என்கிறார். பகல் என்பது எதுவரை?

பதில்: அம்மா, அவர் வானத்தைக் காட்டுகிறார், நீங்கள் கடிகாரத்தைக் காட்டுங்கள். உங்கள் தர்மபுரி மாவட்டத்தில் ஜூன் மாதம் 6.40 வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் 6 மணிக்கே இருட்டிவிடும். ரிசர்வ் வங்கி விதிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 2022 மார்ச்சில் வந்த மைக்ரோ பைனான்ஸ் (குழு லோன் மாதிரியான சிறு கடன்) விதிப்படி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கடன் வாங்கியவரை போனில் அழைக்கக் கூடாது. ஓயாமல் போன் செய்வதும் தப்பு. ஆறரை மணிக்கு வெயிலே அடித்தாலும் அந்தப் போன் விதிமீறல்தான்.

அப்புறம் வீட்டு வாசல். வசூல் நடக்க வேண்டியது இரு தரப்பும் பேசி வைத்த இடத்தில், அதாவது உங்கள் சென்டரில். அடுத்தடுத்து இரண்டு முறை நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். கவனியுங்கள், 'கட்டாவிட்டால்' என்று அதில் இல்லை, 'வராவிட்டால்' என்றுதான் இருக்கிறது. பணம் இல்லையே, எந்த முகத்தோடு போவது என்று பலர் மீட்டிங்குக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வெறுங்கையோடாவது போய், "இந்த வாரம் முடியவில்லை" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வாருங்கள். போகாத இரண்டாவது தடவையோடு வாசலுக்கு வர அவருக்கு வழி கிடைத்துவிடும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. "லோனைப் பாதியில் முடித்துத் தருகிறோம், போனை நிறுத்துகிறோம்" என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செட்டில்மென்ட் ஆட்களை நம்பாதீர்கள். முன்பணம் கேட்பார்கள், ஆதார் நகல் கேட்பார்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பார்கள். எதையும் கொடுக்காதீர்கள். தவணையைக் கட்டாதே என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால், அடுத்த லோன் கேட்கும்போது உங்கள் பெயர்தான் கெட்டிருக்கும். குழுத் தலைவியிடம் பணம் கொடுத்தனுப்பினாலும் லோன் கார்டில் வரவு ஏறியதா என்று அன்றே பாருங்கள்.

புகாருக்குக் காசு கிடையாது, வக்கீலும் வேண்டாம். போன் வந்த நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். தகவலுக்கு 14448. ஆன்லைன் தெரியாதவர் தபாலில் அனுப்பலாம், ஆனால் பாலக்கோட்டுப் பெண்ணின் கடிதம் ரிசர்வ் வங்கியின் புகார் மையம் இருக்கும் சண்டிகருக்குப் போக வேண்டும்! லோன் கொடுக்கத் தெருத்தெருவாக வரத் தெரிகிறது. இந்த 9, 6 கணக்கைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு சென்டரிலும் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

கெட்ட வார்த்தை பேசினாலோ மிரட்டினாலோ 30 நாள் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மனு ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.