அமில மண்ணில் அலுமினியம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எல்லா மண்ணிலும் அலுமினியம் இருக்க, அமில மண்ணில் மட்டும் அது பயிருக்கு நஞ்சாவது ஏன்?

பதில்: களிமண் கனிமங்களுக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை அலுமினியத்தால் பயிருக்குத் தீங்கில்லை. மண்ணின் பி.எச். மதிப்பு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5-க்குக் கீழே இறங்கும்போது அது நேர்மின் அயனியாகக் கரைந்து, வேர் நுனியின் முதல் சில மில்லிமீட்டர் பகுதியைத் தாக்குகிறது. சில மணி நேரத்திலேயே நுனியின் வளர்ச்சி தடைப்படும். பக்கவேர்கள் குட்டையாகத் தடித்துப் பழுப்பேறும். அடிமண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவது இதனால்தான்.

கேள்வி: சில பயிர்கள் மட்டும் இதை எப்படித் தாங்குகின்றன?

பதில்: ஒரு வழி, அலுமினியத்தை வேருக்கு வெளியிலேயே மடக்குவது. தாங்குதிறன் உள்ள கோதுமை ரகங்களின் வேர் நுனி மாலேட் என்னும் கரிம அமில அயனியைக் கசியவிட, அது அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு அதன் நச்சுத்தன்மையை நீக்குகிறது. இக்கசிவுக்கு வாயிலாக அமையும் புரதத்தின் மரபணு 2004-இல் கோதுமையில் கண்டறியப்பட்டது. சோளத்தில் இதே வேலையைச் செய்வது சிட்ரேட் என்பதும், அதற்குரிய மரபணு எது என்பதும் 2007-இல் வெளிவந்தன. வெளியேறும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒளிச்சேர்க்கையில் ஈட்டிய கரிமம் என்பதால், வேர் முழுவதிலும் கசியவிடாமல் தாக்குதலுக்கு உள்ளாகும் நுனியில் மட்டும் செடி செலவழிப்பதை நல்ல சிக்கனம் என்றே சொல்வேன்.

மற்றொரு வழி, உள்ளே விட்டு அடைத்துவைப்பது. சிறுதானியம் உள்ளிட்ட தானியப் பயிர்களுள் மிகுந்த தாங்குதிறன் கொண்டவற்றில் ஒன்றான நெல், செல்சுவரில் அலுமினியம் படிந்துவிடாதபடி ஒரு புரதத்தின் வழியே அதைச் செல்லுக்குள் இழுத்து, இன்னொரு புரதத்தின் துணையால் செல்லின் சேமிப்புப் பையான நுண்குமிழுக்குள் ஒதுக்கிவிடுகிறது. தானியம்போல் உண்ணப்படும் விதையைத் தரும் பக்வீட் செடி இரண்டு வழிகளையும் கையாள்கிறது: வேரிலிருந்து ஆக்சலேட் என்னும் கரிம அமில அயனியைக் கசியவிடுகிறது, இலையிலும் அலுமினியத்தை ஆக்சலேட்டுடன் பிணைத்தே சேமிக்கிறது.

கேள்வி: நீலகிரியில் தேயிலை செழிக்கும் மண்ணில் பீட்ரூட் தேறாதது ஏன்?

பதில்: தேயிலை அமில மண்ணையே விரும்பும் செடி, குறைந்த அளவு அலுமினியம் அதன் வேர் வளர்ச்சியைத் தூண்டக்கூடச் செய்கிறது. உறிஞ்சியது பெரும்பாலும் முதிர்ந்த இலைகளில் தேங்குகிறது, கொழுந்தில் குறைவு. பீட்ரூட்டுக்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. பி.எச். மதிப்பை உயர்த்த, மண் பரிசோதனை முடிவுப்படி டோலமைட்டோ சுண்ணாம்போ இட்டு, மண்ணோடு நன்றாகக் கலந்த பிறகே விதையுங்கள்.

கேள்வி: சுண்ணாம்புக்குப் பதில் ஜிப்சம் போதுமா?

பதில்: போதாது. ஜிப்சம் பி.எச். மதிப்பை உயர்த்தாது. ஆனால் சுண்ணாம்பு எட்டாத அடிமண்ணுக்கு அதன் கால்சியமும் சல்பேட்டும் நீரோடு இறங்கி அலுமினியத்தின் கடுமையைத் தணிக்கும் என்பதால், பிரேசிலின் செராடோ சமவெளிகளில் இரண்டையும் சேர்த்தே இடுகிறார்கள்.

கேள்வி: தாங்கும் ரகம் கிடைத்தால் சுண்ணாம்பை நிறுத்திவிடலாமா?

பதில்: செலவைக் குறைக்கலாம், நிறுத்த வேண்டாம். அமில மண்ணில் மணிச்சத்து, கால்சியம், மாலிப்டினம் ஆகியவற்றின் தட்டுப்பாடும் மாங்கனீசு மிகுதியும் உண்டு. அலுமினியத்தைத் தாங்கும் மரபணு அவற்றைச் சரிசெய்யாது.