நன்றாகச் சாப்பிட்டும் தெம்பில்லையா? டப்பாவைத் திறக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. தேவகோட்டைப் பக்கம் வீட்டிலேயே தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம் போட்டு விற்கிறேன். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். ஆனாலும் நாலைந்து மாதமாக ஒரே அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதவிலக்கும் இப்போதெல்லாம் அதிகமாகப் போகிறது. ஒரு முகாமில் கையில் கம்பியைப் பிடிக்க வைத்துப் பார்த்துவிட்டு, "உங்கள் செல்கள் சாப்பாட்டை எரிக்கவில்லை" என்று சொல்லி 2,800 ரூபாய்க்கு ஒரு பவுடர் டப்பா கொடுத்தார்கள். இன்னும் திறக்கவில்லை. மகன், இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: ஆச்சி, டப்பாவும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

செல்கள் சாப்பாட்டை எரிக்கவே இல்லையென்றால் உங்களால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது. அந்த எரிப்பை நிறுத்துவதுதான் சயனைடு செய்கிற வேலை. ஆளைச் சில நிமிடத்தில் முடித்துவிடும்.

நீங்கள் அடுப்படி ஆள். விறகடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டே போனால் எண்ணெய் காயாது, புகைதான் வரும். காற்றுக்கு வழி வேண்டும். செல்லிலும் அதே கதை. சோற்றிலும் இட்லியிலும் இருக்கிற மாவுச்சத்து குளுக்கோஸாகிச் செல்லுக்குள் போகிறது. ஆனால் அது பணத்துக்குப் பதிலாக எழுதிக் கொடுக்கிற உண்டியல் சீட்டு மாதிரி. கடையில் அப்படியே நீட்ட முடியாது, மாற்றித்தான் செலவழிக்க வேண்டும். உடம்புக்கு அந்தச் சில்லறை ஏடிபி என்கிற பொருள். (1929-இல் அதைக் கண்டறிந்தவர்களில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவும் ஒருவர். நம் டாக்டர்களிலேயே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.)

செல் முதலில் குளுக்கோஸை இரண்டாக உடைக்கிறது. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை, ஆனால் கையில் நிற்பது 2 ஏடிபிதான். உடைந்த துண்டுகள் செல்லுக்குள் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா என்கிற குட்டி அடுப்புகளுக்குள் போய், ஆக்சிஜன் உதவியோடு முழுக்க எரிந்தால் மொத்தம் 30, 32 வரை தேறும். நடுவில் எலெக்ட்ரான்கள் கைமாறிப் போவதைக் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் ரசிப்பார்கள். நமக்கு அந்த 2-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் போதும். அது முழுக்க ஆக்சிஜன் வந்து சேர்வதில் இருக்கிறது.

ஆக்சிஜனைச் சுமந்து வருவது ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போனால் இரும்பும் கூடவே போகிறது. போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. விறகு இருக்கிறது ஆச்சி, காற்றுதான் குறைச்சல் என்று தோன்றுகிறது.

அந்தக் கம்பி விஷயம். உள்ளங்கையில் பிடிக்கிற எந்தக் கம்பியும் செல்லுக்குள் நடப்பதைச் சொல்லாது. கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று பேனர் கட்டுவார்கள், வெளியே வரும்போது எல்லார் கையிலும் ஒரு டப்பா இருக்கும். விற்றவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர் என்று கமிஷன் ஏறிக்கொண்டே போகும். நான் பார்த்த டப்பாக்களில் சர்க்கரையும் பி வைட்டமின்களும்தான் இருந்தன. செல் எரிப்பதற்கு பி வைட்டமின் தேவைதான். ஆனால் தேவைக்கு மேல் போவதில் பெரும்பகுதி சிறுநீரை மஞ்சளாக்கிக்கொண்டு வெளியே போய்விடும். உங்கள் 2,800 ரூபாயும் அந்த வழியே போகும்.

குளுக்கோஸ் பாட்டில் இதற்குத் தம்பி. வழக்கமான 500 மில்லி பாட்டிலில், 5 சதவீதம் என்றால் 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய 100 கலோரி. இரண்டு இட்லி! கேட்டால் ஏற்றிவிடுகிறார்கள், ஏற்றாவிட்டால் டாக்டர் சரியில்லை என்று நாமும் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறோமே.

ஒரு இடத்தில் மட்டும் சர்க்கரைதான் மருந்து, அதை அழுத்தியே சொல்கிறேன். வீட்டில் யாராவது சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, சாப்பாடு தள்ளிப்போய், திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் யோசிக்காதீர்கள். மூன்று, நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. சாக்லேட்டும் அதிரசமும் வேண்டாம், கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் விறகே இல்லை, உங்களுக்கு அப்படியில்லை.

சரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கேட்கமாட்டார்கள். காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் "நாளைக்கு வாங்க" என்பார்கள். அறுபது டெஸ்ட் சேர்ந்த பேக்கேஜ் என்று எவராவது சொன்னால் ஏமாறாதீர்கள். சீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக் கையில் திணிப்பார்களே தவிர, அது என்ன என்று சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் மைட்டோகாண்ட்ரியாவைப் படம் வரையச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம், அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தருவதில்லை. அதனால் நீங்களே கேளுங்கள்: ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டும் சர்க்கரையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். அதிக ரத்தப்போக்குக்கு மகளிர் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரி.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீ, காபியோடு விழுங்காதீர்கள், ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தெம்பு வந்துவிட்டது என்று ஒரே மாதத்தில் நிறுத்தாமல், டாக்டர் சொல்லும்வரை எடுங்கள்.

டப்பாவைத் திறக்காமல் வைத்திருப்பது நல்லதாய்ப் போயிற்று. பில் இருந்தால் நாளைக்கே கொண்டுபோய்க் காசைத் திருப்பிக் கேளுங்கள்.