கல்யாணத்துக்காக மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 24. உடம்பில் ஏழெட்டு இடங்களில் உணர்ச்சியற்ற தேமல். தொழுநோய் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 மாதக் கூட்டு மருந்து தருகிறார்கள். நாலு மாதத்தில் முகம் கறுத்துவிட்டது. பெண் பார்க்க வரும் நேரம். கல்யாணம் முடியும்வரை மாத்திரை வேண்டாம் என்கிறார் அம்மா. அவளுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைத்திருக்கிறோம். சரிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நிறுத்தவே கூடாது. முகம் கறுப்பது கூட்டு மருந்தில் உள்ள குளோஃபாசிமின் மருந்தால். நோய் முற்றியதால் அல்ல. கோர்ஸ் முடிந்த பிறகு, சில மாதங்களில் பழைய நிறம் மெல்லத் திரும்பும். அதுவரை வெயிலில் குடை பிடிக்கட்டும், தோல் வறண்டால் தேங்காய் எண்ணெய் தடவட்டும். அதிலுள்ள இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசினை மாதம் ஒருமுறை விழுங்கும் நாளில் சிறுநீர் சிவப்பாகப் போவதும் மருந்தின் நிறம்தான்.

மாதத்துக்கு ஒன்றாகத் தரும் 12 மாத்திரை அட்டைகளையும் 18 மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். ஊர்ப்பேச்சுக்குப் பயந்து பாதியில் விட்டால் கை கால் ஊனமாகும் ஆபத்து உண்டு. கிருமி தோலோடு நிற்பதில்லை, நரம்பிலும் குடியிருக்கிறது. முழங்கையை ஒட்டி ஓடும் நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிடும். அடுப்புப் பாத்திரம் சுட்டாலும் உறைக்காது. கொப்புளம் புண்ணாகி எலும்புவரை போன பிறகே கவனிப்பார்கள்.

மருந்து சாப்பிடும்போதே தேமல் திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, முழங்கை வலித்தாலோ, விரல் மரத்தாலோ, கண் மூட முடியாமல் போனாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அது எதிர்வினை, அதாவது கிருமிக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பு சக்தி பொங்குவது. நரம்பு பாதித்த ஆறு மாதத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினால் நரம்பு தேற நல்ல வாய்ப்பு உண்டு. கூட்டு மருந்தை அப்போதும் நிறுத்தக் கூடாது.

தனித் தட்டை இன்றே எடுத்துவிடுங்கள். இது பாத்திரத்தால் தொற்றுவதில்லை. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் வாய்ப்பும் நீங்கிவிடும். வீட்டார் எல்லோரும் தோல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தருவார்கள். காசநோய் அறிகுறி, கர்ப்பம், கல்லீரல் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கல்யாணத்துக்கு மருத்துவத் தடை ஏதும் இல்லை. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவையே 2019-ல் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையிடம் சொல்வது தங்கையின் முடிவு. சொல்லிவிடுவதே நல்லது என்பேன். ஒளித்துச் சாப்பிடும் மாத்திரைதான் முதலில் தவறிப்போகிறது. கர்ப்ப காலத்திலும் இந்த மருந்தைத் தொடரலாம். பிரசவத்தை ஒட்டி எதிர்வினை வரக்கூடும் என்பதால் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.