பிரபுக்களின் ரகசியம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஆங்கிலச் சரித்திரக் காதல் நாவல்களை விடாமல் வாசித்து வருகிறேன். பெரும்பாலும் 'ரீஜென்ஸி' எனப்படும் 1811க்கும் 1820க்கும் இடைப்பட்ட இங்கிலாந்தில் நடப்பவை. மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது, இரவில் விழித்திருப்பதற்காகத் தொடங்கிய பழக்கம் இது. அவர் மறைந்த பிறகும் விடவில்லை. அண்மையில் எங்கள் வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது, "ஒரே கதையை நூறு அட்டைகளில் வாசிக்கிறீர்கள்" என்றார் ஒரு நண்பர். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. எல்லா நாவலிலும், உயர்ந்த பிரபுப் பட்டம் தாங்கிய ஒரு டியூக்கோ ஏர்லோ இருக்கிறான். அவனுக்கு மறைக்கப்பட்ட ஒரு பழைய கதை இருக்கிறது. சிறுவயதில் கடத்தப்பட்டிருப்பான், அல்லது ரகசியமாக மணம் செய்திருப்பான், அல்லது அவன் பிறப்பிலேயே ஏதோ ஐயம் இருக்கும். இப்படியெல்லாம் உண்மையில் நடந்ததா? ஏன் எல்லாப் பிரபுக்களுக்கும் ஒரு ரகசியம் வேண்டியிருக்கிறது? பதினேழு வயதான என் மகளும் இவற்றை எடுத்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். தடுக்க வேண்டுமா?

வ.

அன்புள்ள வ.,

உங்கள் கடிதத்தில் மன்னிப்புக் கேட்பது போன்ற ஒரு தயக்கம் தெரிகிறது. அது தேவையில்லை. நோயாளியின் கட்டிலருகே விழித்திருக்கும் இரவுகளில் ஒருவருக்குத் துணையிருந்த புத்தகங்களை இளக்காரமாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. நானும் கல்லூரிக் காலத்தில் வாடகை நூலகத்திலிருந்து இந்த நாவல்களை வாரத்துக்கு இரண்டாக எடுத்து வந்து வாசித்தவன், இன்றும் வாசிக்கிறேன்.

இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். இந்த வகை நாவலுக்கு அடித்தளமிட்டவரான ஜார்ஜெட் ஹேயரின் முதல் நாவல், நோயுற்றிருந்த தம்பியை மகிழ்விக்க அவர் சொல்லத் தொடங்கிய கதையிலிருந்து உருவானது. 1921இல் அது அச்சானபோது அவருக்கு வயது 19. தம்பி சீட்டாட்டத்தில் செய்த மோசடியின் பழியைத் தானே ஏற்றுக்கொண்டு, ஊரைவிட்டு விலகி, வழிப்பறிக்காரனாக மறைந்து வாழும் ஒரு பிரபு வம்சத்து மூத்த மகன்தான் அதன் நாயகன். நோயாளி ஒருவருக்காகப் பிறந்த அந்தக் கதை, நூறாண்டுக்குப் பிறகு இன்னொரு நோயாளியின் அருகில் இருந்த உங்களிடம் வேறு வேறு பெயர்களில் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு நிறைவாக இருக்கிறது. ஒரே கதை நூறு அட்டைகளில் வருவதாக உங்கள் நண்பர் சொன்னது பெருமளவு சரிதான். அந்தக் கதை ஏன் தீராமல் இருக்கிறது என்பதை அவர் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

முதலில், நடந்ததா என்ற கேள்வி. இந்த நாவல்களில் தெருவுக்கொரு டியூக் இருப்பது உண்மைக்குப் புறம்பானது. அரச குடும்பத்தினரை விட்டுவிட்டால், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றையும் சேர்த்தும் அந்நாளில் ஏறத்தாழ முப்பது டியூக்குகளே இருந்தார்கள். ஆனால் ரகசியங்கள் மெய்யானவை. கடத்தப்பட்ட வாரிசு என்று எழுதினீர்கள். ஜேம்ஸ் ஆன்ஸ்லி என்ற சிறுவன் 1728இல் அயர்லாந்திலிருந்து கப்பலேற்றப்பட்டு அமெரிக்கக் குடியேற்றத்தில் ஒப்பந்தக் கூலியாக விற்கப்பட்டான். அவனை அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அவனுக்குரிய பட்டத்தையும் நிலத்தையும் எடுத்துக்கொண்ட சிற்றப்பா. திரும்பி வந்து ஆன்ஸ்லி தொடுத்த வழக்கில் 1743இல் டப்ளின் ஜூரிகள் அவர் பக்கமே தீர்ப்பளித்தார்கள். ஆயினும் பட்டம் கைக்கு வராமலேயே 1760இல் இறந்துபோனார்.

ரகசியத் திருமணத்துக்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது பெர்க்லி குடும்பத்தின் வழக்கு. ஐந்தாம் பெர்க்லி பிரபு, குளொஸ்டர் நகரத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகளான மேரி கோலுடன் பல ஆண்டுகள் வாழ்ந்து குழந்தைகளையும் பெற்று, 1796இல் ஊரறிய அவரை மணந்தார். பிறகு, 1785இலேயே தங்களுக்கு ரகசியமாகத் திருமணம் நடந்துவிட்டது என்று இருவரும் சொன்னார்கள். அது உண்மையானால் மூத்த மகன் சட்டப்படியான வாரிசு. பொய்யானால் 1796இல் நடந்த மணத்துக்குப் பின் பிறந்த மகன்தான் வாரிசு. பிரபு 1810இல் இறந்தார். 1811இல், ரீஜென்ஸி காலம் தொடங்கிய அதே ஆண்டில், வழக்கு, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்கு வந்தது. தேவாலயப் பதிவேட்டில் இருந்த ஒரு பதிவு சான்றாகக் காட்டப்பட்டது; தாயே வந்து சாட்சி சொன்னார். சபை நம்பவில்லை. பட்டம் இளையவரான தாமஸ் மோர்ட்டனுக்கு என்று ஆயிற்று. அவரோ, அதை ஏற்றுக்கொண்டால் தம் தாய் பொய் சொன்னார் என்று தாமே ஒப்புக்கொண்டதாகும் என்பதால், 1882இல் இறக்கும்வரை அந்தப் பட்டத்தைப் பயன்படுத்தவேயில்லை. ஒரு மகன் தாயின் சொல்லைக் காப்பதற்காக எழுபது ஆண்டுகள் தன் பெயரைத் துறந்து வாழ்ந்ததை ஒரு நாவலில் படித்தால், மிகைப்படுத்தல் என்று நாம் சொல்லியிருப்போம்.

எலிசபெத் சட்லியின் கதை இதைவிடச் சிக்கலானது. அவர் 1744இல் ஆகஸ்டஸ் ஹார்வி என்ற கடற்படை அதிகாரியை ஹாம்ப்ஷயரின் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் இரவில் மணந்து, அதை மறைத்துவிட்டார். கணவரோடு வாழ்க்கை ஒத்துவரவில்லை. ஆனால் 1759இல் கணவரின் அண்ணனான பிரிஸ்டல் பிரபு நோயுற்று, பட்டம் கணவருக்கு வரலாம் என்ற நிலை ஏற்பட்டதும், மணம் செய்துவைத்த பாதிரியாரைத் தேடிச் சென்று அந்தத் திருமணத்தைப் பதிவேட்டில் எழுத வைத்தார். பத்தாண்டுகள் கழித்துக் கிங்ஸ்டன் டியூக்கை மணக்க வேண்டி வந்தபோது, தாம் மணமாகாதவர் என்று திருச்சபை நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி 1769இல் டியூக்கின் மனைவியானார். டியூக் இறந்த பிறகு அவருடைய சகோதரி மகன் வழக்குத் தொடுத்தார். 1776இல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் கூடி விசாரித்து, கணவர் உயிரோடிருக்கையில் மறுமணம் செய்த குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள். பட்டத்தின் மீது கொண்ட ஆசையால் அவரே எழுத வைத்த பதிவேடு அவருக்கு எதிரான சான்றாக வந்து நின்றது. ஹார்வி அதற்குள் பிரிஸ்டல் பிரபு ஆகிவிட்டிருந்ததால், பிரபுவின் மனைவி என்ற சலுகையில் கையில் சூடு போடும் தண்டனையிலிருந்து அவர் தப்பினார்.

கடைசி இரண்டு வழக்குகளிலும் கதை ஒரு தாளைச் சுற்றியே சுழல்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது. பிரபுப் பட்டத்தை விற்க முடியாது, உயில் எழுதிக் கொடுக்க முடியாது, தகுதி பார்த்து வழங்கவும் முடியாது. சட்டப்படியான மணத்தில் பிறந்த மூத்த மகனுக்கு அது தானாகப் போய்ச் சேரும். பல குடும்பங்களில் மாளிகையும் நிலமும் அதே வழியில் போகும்படி முன்கூட்டியே கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே ஆயிரக்கணக்கான ஏக்கரும் ஒரு வம்சத்தின் பெயரும், ஒரு பாதிரியார் ஒரு நாளில் எழுதிய இரண்டு வரிகளின் மேல் நின்றன. 1754இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம், தேவாலய அறிவிப்பு, பதிவேடு, சாட்சிக் கையொப்பம் என்று அந்த வரிகளை இறுக்கிக் கட்டியது. 21 வயதாகாதவர்கள் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாததால்தான் உங்கள் நாவல்களில் காதலர்கள் எல்லை தாண்டிக் கிரெட்னா கிரீனுக்கு வண்டியில் விரைகிறார்கள். ஒரு சமூகம் இவ்வளவு பெரிய பாரத்தை இவ்வளவு சிறிய இடத்தில் ஏற்றிவைத்தால், அங்கே ரகசியம் பிறந்தே தீரும். இன்று எழுதப்படும் நாவல்கள் பலவற்றில் பிரபுவின் ரகசியம் பதிவேட்டிலிருந்து நகர்ந்து அவன் மனக்காயமாக மாறிவிட்டது: தந்தை அடித்தார், போரில் நண்பன் இறந்தான் என்று. அவை எனக்குக் குறைவாகவே பிடிக்கின்றன. காயம் அவன் ஒருவனுடையது. பதிவேடு பொய்யானால் குடும்பமே ஆடிப்போகும்.

ஆனால் இந்த நாவல்களைப் பெரும்பாலும் பெண்கள் எழுதிப் பெண்கள் வாசிப்பதற்கு இன்னும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்று நம்புகிறேன். அந்நாளைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட இருப்பு கிடையாது. அவளுடைய பணமும் நகையும் பிற அசையும் பொருள்களும் தாலிக்கு நிகரான அந்த மோதிரம் விரலில் ஏறிய கணத்தில் கணவனுடையவை ஆகிவிடும். பிள்ளைகளின் மீதான உரிமையும் தந்தைக்குத்தான். வசதியான வீட்டுப் பெண்களுக்கு, தந்தையின் வழக்கறிஞர் முன்கூட்டியே எழுதி வைத்த திருமண ஒப்பந்தம் ஒன்றுதான் காப்பு. பிழை என்று பின்னால் தெரிந்தால் வெளியேற வழியில்லை. மறுமணத்துக்கு இடமளிக்கும் முழு விவாகரத்து, 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, நாடாளுமன்றம் ஒவ்வொருவருக்கும் தனிச்சட்டம் இயற்றினால் மட்டுமே கிடைத்தது. அவ்வாறு கேட்டுப் பெற்ற பெண்கள் நான்கே பேர். மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள 1870, 1882 ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் நாவலின் நாயகியை நினைத்துப் பாருங்கள். 'சரி' என்ற சொல்லைச் சொல்லும் வரைதான் அவள் கையில் அதிகாரம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முன், எதிரே நிற்பவன் யார், அவன் எதை மறைக்கிறான், முன்பு ஒருத்தியை என்ன செய்தான் என்பதை அவள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். நடன மண்டபத்தில் அரைமணி நேரம், பூங்காவில் துணைக்கு ஒரு அத்தை பின்தொடர நடக்கும் சிறு நடை, மற்ற பெண்கள் சொல்லும் வதந்தி: இவ்வளவுதான் அவளுக்குக் கிடைக்கும் தகவல். பிரபுவின் கடந்த காலம் இந்த நாவல்களின் மையத்தில் இருப்பது அதனால்தான். அது துப்பறியும் சுவைக்காக வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுவதையும் ஒரே முடிவில் ஒப்படைக்க வேண்டியவளின் நியாயமான விசாரணை அது. மணம் முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிட்டு, ரகசியம் பிறகு தெரியவரும் நாவல்களை வாசிக்கும்போது நெஞ்சு இன்னும் அதிகமாகப் பதைப்பதன் காரணமும் இதுவே. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: நூறு அட்டைகளிலும் ஒரே கதை வருவது, நூறு பெண்களுக்கும் ஒரே கேள்வி இருந்ததால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த நாவல்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். பிரபுவின் எல்லா ரகசியங்களையும் தோண்டி எடுக்கும் இந்தக் கதைகளில் மிகப் பல, ஒன்றை மட்டும் தோண்டுவதில்லை: அந்த மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், கோல்கொண்டாச் சுரங்கத்து வைரம் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கி, 1717இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளருக்குப் பன்மடங்கு விலைக்கு விற்றார். அவருடைய ஒரு மகன் அயர்லாந்தில் பிரபுவானார். பேரன் வில்லியம் பிட் 1766இல் சாத்தம் பிரபுவானார். இதைவிடக் கொடியது கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த செல்வம். அடிமை முறையை ஒழிக்க 1833இல் சட்டம் இயற்றியபோது, பிரிட்டன் 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. அந்தத் தொகை அடிமைகளின் உடைமையாளர்களுக்குப் போனது. பெற்றவர்களில் பட்டம் தாங்கியவர்களும் இருந்தார்கள். அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு ஒரு காசும் தரப்படவில்லை. ஒரு பிரபுவின் கடந்த காலம் என்று நான் இப்போது தேடுவது இதைத்தான். இதைத் தொடும் நாவல்கள் அண்மைக் காலத்தில் வரத் தொடங்கியிருப்பது எனக்கு மகிழ்ச்சி.

உங்கள் மனத்துக்கு அணுக்கமாக இருக்கும் என்பதால் இன்னொரு செய்தியையும் எழுதுகிறேன். ரீஜென்ஸி நாவல்களின் நடன மண்டபங்கள் நிறைந்திருந்த காலத்தில், 1812 முதல் 1827 வரை, பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் லிவர்பூல் பிரபு. அவருடைய தாய்வழிப் பாட்டி பிரான்சஸ், 1725இல் நம் கடலூரை ஒட்டிய புனித டேவிட் கோட்டையில் பிறந்தவர். அந்தப் பாட்டியின் தாய் இசபெல்லா பெய்சர், இங்கே வாழ்ந்த போர்த்துக்கீசியக் கலப்பு வழியினர். பிரான்சஸ் பின்னாளில் கல்கத்தாவில் 'பேகம் ஜான்சன்' என்று பெயர் பெற்று, பேரன் பிரதமராவதற்குச் சில மாதங்கள் முன்பு அங்கேயே மறைந்தார். எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்யத் தயங்கும் குடும்பக் கதை இது.

மகளைத் தடுக்க வேண்டாம். பதினேழு வயதில், ஒருவனை மணப்பதற்கு முன் அவனைப் பற்றி எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆயிரம் பக்கங்கள் யோசிப்பது அவளுக்கு நல்லதே. ஒன்றை மட்டும் அவளிடம் பேசுங்கள்: பெண்களை நாசம் செய்தவன் ஒருத்தியின் அன்பால் மாறிவிடுவான் என்ற நம்பிக்கையை இந்த நாவல்கள் மிக எளிதாக விதைக்கின்றன, அது எனக்கு உவப்பானதல்ல. நீங்கள் இருவரும் ஒரே நாவலை வாசித்து, நாயகி 'சரி' என்று சொல்வதற்கு முந்தைய பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்து, இவன் இதுவரை சொன்னது போதுமா என்று விவாதித்துப் பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.