வாடகைக்கு விட முதல் வீடு வாங்குகிறேன், வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

பெரும்பாலும் கட்டாது. தவணையும் வாடகையும் சமமாக இருந்தாலும் துண்டு விழும். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலே வருமானத்தில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வரி, காப்பீடு, பழுதுச் செலவு எல்லாம் அதற்கு அப்புறம்.

வீட்டின் விலை 100 என்று வையுங்கள். ஆண்டு வாடகை 6. மேலே சொன்ன செலவுகளுக்கு 2 போனால் மிச்சம் 4. பத்திரப்பதிவு, தரகு எல்லாம் சேர்த்து உங்கள் கையிலிருந்து போனது 108 என்றால், உண்மையான வருவாய் 3.7 சதவீதம்தான். கடன் வட்டி 8 சதவீதமா? அப்படியானால் விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறீர்கள். தவறில்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

வீட்டை மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, சமையலறைத் தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட் மின்னினால் எனக்குச் சந்தேகம்தான்; கசிவை மறைத்திருக்கலாம். வீட்டின் மேல் அடமானம், கடன் போன்ற வில்லங்கம் ஏதும் உண்டா என்று பார்ப்பதை வழக்கறிஞரிடம் விடுங்கள், தரகரிடம் வேண்டாம்.

குடியிருக்க வருபவரின் வருமானத்தை விசாரியுங்கள்; அவருடைய முந்தைய வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். அதிக வாடகைக்கு ஆசைப்பட்டு மூன்று மாதம் பூட்டி வைப்பதைவிட, கொஞ்சம் குறைத்து நல்லவருக்கு விடுவது லாபம். சாவி கொடுக்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தரும்போதுதான் சண்டையே வரும்.