நாத்திகர் எழுதிய கதையை மகளுக்கு வாங்கலாமா?

13 வயது மகள் பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' நாவலைக் கேட்கிறாள், எழுதியவர் நாத்திகர் என்பதால் உங்கள் அண்ணன் வேண்டாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

அண்ணனின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1995-இல் வந்த இந்த நாவல் மூன்று பாகக் கதையின் தொடக்கம். அதில் வரும் திருச்சபை குழந்தைகளைக் கொடுமைப்படுத்துகிறது. கடைசிப் பாகத்தில், உலகைப் படைத்தவன் தானே என்று சொல்லிக்கொண்டவர் தள்ளாத கிழவராக இறந்தே போகிறார். தாக்குதல் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஆனால் அது பெரும்பாலும் கடவுள் பெயரால் மனிதரை அடக்கும் அதிகாரத்தின் மேல்தான். அதே கதையில்தான் கதாநாயகியான சிறுமி லைரா, இறந்த நண்பனிடம் மன்னிப்புக் கேட்க இறந்தோர் உலகத்துக்கே போகிறாள். பக்தியுள்ள எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த இடம் அது.

2007-இல் இதன் திரைப்படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று. ஆனால் 2004-லேயே, அப்போது இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவாக, அதாவது கேன்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ் புல்மனோடு ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார். இக்கதையைப் பள்ளிச் சமய வகுப்பில் படிக்கலாம் என்றும் சொன்னார். அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நாத்திகர் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதும் இல்லை. ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்தான். அவருடைய 'ஸ்மால் காட்ஸ்' (1992) நாவலில் மிக நல்ல மனிதன், கடவுளை உண்மையாக நம்பும் புரூதாதான்.

அப்புறம், மூன்றாம் பாகத்தை மட்டும் அவளோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள். அவளிடம் கேள்விகள் நிறைய வரும்.